யூதாஸின் சில்லறை

கர்த்தரைக் காட்டிக்கொடுக்க யூதாஸ் வாங்கிய கூலி 30 வெள்ளிக்காசு. அதில் 2 காசு கொச்சியில், கலூரில் ஒரு வீட்டில் இருந்தது. மீதி 28 எங்கே என்று கேட்காதீர்கள். கேட்கிற வழக்கம் நமக்கு இருந்திருந்தால் அந்த இரண்டும் அங்கே இருந்திருக்காது.

அதே வீட்டில் மோசேயின் கோல் இருந்தது. திப்பு சுல்தானின் சிம்மாசனமும் இருந்தது. ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்த 1799-ஆம் ஆண்டே வெள்ளைக்காரன் அந்தச் சிம்மாசனத்தை உடைத்துக் கூறு போட்டுவிட்டான். அதன் தங்கப் புலித்தலை விண்ட்சர் கோட்டை ராஜ குடும்பத்துச் சொத்தாகி இருநூறு வருஷம் ஆகிறது. பள்ளிக்கூடப் பையன் ஒருவன் போனில் தட்டினால் அரை நிமிஷத்தில் தெரிந்துகொள்ளலாம். கேரளப் போலீசின் அன்றைய தலைவர் தட்டவில்லை, உட்கார்ந்தார். பக்கத்தில் இன்னொரு உயரதிகாரி வாளைப் பிடித்துக்கொண்டு நின்றார். போட்டோ எடுத்துக்கொண்டார்கள். ராஜா இல்லாத நாட்டில் சிம்மாசனத்தைக் கண்டால் முதலில் மடங்குவது மூளையா முழங்காலா என்று அந்தப் போட்டோவைப் பார்த்தால் புரியும்.

வீட்டுக்காரர் பெயர் மோன்சன் மாவுங்கல், சேர்த்தலைக்காரர். வெளிநாட்டு ராஜ குடும்பங்களுக்குப் பழம்பொருள் விற்ற பணம் இரண்டரை லட்சம் கோடிக்கு மேல் வங்கியில் முடங்கிக் கிடக்கிறது, அதை வெளியே எடுக்கக் கொஞ்சம் கைமாற்று வேண்டும் என்பது கதை. கைமாற்றுக் கொடுத்த ஆறு பேர், 10 கோடி போயிற்று என்று புகார் எழுதினார்கள். 2021 செப்டம்பரில் கைதானார். அதுவரை அந்தப் பொம்மைக் கொலுவுக்குப் போலீஸ் ரோந்து வந்து, அரசாங்கச் செலவில் காவல் காத்தது. சபரிமலைச் சடங்கு உரிமையைப் பற்றி ஒரு செப்போலை அங்கே கிடைத்தது என்று தொலைக்காட்சியில் செய்தி வந்தது; ஊரே அதை வைத்து அடித்துக்கொண்டது. பிறகு தொல்லியல் துறை வந்து, கொலுவில் பெரும்பாலானவை பொம்மைதான் என்றது.

சிரிக்கலாம்தான். ஆனால் 2023-இல், பதினெட்டு வயது நிரம்பாத ஒரு பெண்ணைப் பாலியல் வன்கொடுமை செய்த குற்றத்துக்காக இதே மனிதருக்கு எர்ணாகுளம் போக்சோ நீதிமன்றம் ஆயுள் தண்டனை விதித்தது. சிம்மாசனத்தைப் பார்க்கப் போன அத்தனை பெரிய கண்களுக்கும் அந்த வீட்டில் வேறு எதுவும் தெரியவில்லை.

இந்தக் கதையைச் சொல்லிவிட்டு மலையாளிகளைப் பார்த்துத் தலையாட்டும் தமிழர்களை எனக்குப் பிடிக்காது. ரைஸ் புல்லர் என்ற பெயரில் செப்புச் சொம்புக்கும் அனுமார் காசுக்கும் லட்சம் லட்சமாகக் கொட்டிய ஊர் நம்முடையது. கிழக்கிந்தியக் கம்பெனி 1818-இல் அடித்த அரை அணா என்று ராமர் பட்டாபிஷேகம் போட்ட காசு ஒன்று இன்றும் பூஜை அறை வரை வருகிறது. கம்பெனி அப்படி ஒரு காசை அடிக்கவே இல்லை. அதில் இரிடியம் இருக்கிறது, அரிசியை இழுக்கும், விண்வெளி ஆராய்ச்சிக்காரர்கள் கோடிக்கணக்கில் வாங்கக் காத்திருக்கிறார்கள் என்று சொன்னால் ஓய்வுபெற்ற வாத்தியார் பி.எஃப். பணத்தை எடுத்துக்கொண்டு லாட்ஜுக்கு வருகிறார். அரிசி வருகிறதோ இல்லையோ, வாத்தியார் வந்துவிடுகிறார்.

ஆகவே கொச்சியின் பழம்பொருள் கடைகள் இருக்கும் மட்டாஞ்சேரிக்கு நான் போனது யாரையும் கேலி செய்ய அல்ல. என் சட்டைப்பையிலும் ஒரு காசு இருந்தது.

நான் கரூர்க்காரன். அமராவதி ஆற்று மணலை அரித்துப் பழங்காசு எடுத்த ஊர். சேரன் பெயர் பொறித்த காசு, ரோமாபுரி வெள்ளி, பெயர் தெரியாத செம்பு எல்லாம் அந்த மணலில்தான் வந்தது. தேய்ந்துபோன செம்பைப் பாத்திரக்கடையில் எடைக்குப் போடுவார்கள். அந்த எடைக் குவியலில் வரலாறு கிடப்பதைச் சிலர் கண்டுகொண்டார்கள். ‘தினமலர்’ ஆசிரியராக இருந்த இரா. கிருஷ்ணமூர்த்தி அதில் ஒருவர். ‘பெருவழுதி’ என்று தமிழ் பிராமியில் எழுதிய பாண்டியன் காசைப் படித்து அறிவித்தவர். சேகரிப்பவன் எல்லாம் திருடன் என்று சொல்கிறவர்கள் இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அவர் பார்க்காவிட்டால் பெருவழுதி இந்நேரம் யார் வீட்டிலோ குத்துவிளக்காக நின்றுகொண்டிருப்பான்.

எனக்கு அந்தக் கண்ணும் இல்லை, அந்தப் பொறுமையும் இல்லை. போனும் கடன் அட்டையும் இருந்தன.

இணைய ஏலம் என்பது இரவு உத்தியோகம். ஐரோப்பாவில் மாலை என்றால் நமக்கு நடுநிசி. வீட்டில் எல்லோரும் தூங்கியபின் போன் வெளிச்சத்தில் முகம் நீலம் பாரித்து உட்கார்ந்திருப்பேன். ஒரு தரம், ரெண்டு தரம் என்று கூவ ஆள் கிடையாது. கடிகாரம் மட்டும் ஓடும். கடைசி நொடிக்கு முன் எவனாவது 10 யூரோ ஏற்றுவான், கடிகாரம் மறுபடி முதலிலிருந்து. ஏற்றுகிறவன் நிஜ ஆளா, கடைக்காரன் வைத்த டம்மியா என்று தெரியாது. நம் ஊர் குத்தகை ஏலத்தில் சிண்டிகேட் போடுகிறவர்களாவது எதிரே வெள்ளை வேட்டியோடு நிற்பார்கள். முறைத்தால் முறைப்பார்கள். இங்கே முறைப்பதற்கும் முகம் இல்லை. ‘பிடர் 417’ என்று ஒரு எண். அந்த எண்ணின் மேல் எனக்கு ஏற்பட்ட பங்காளிப் பகை சொத்து வழக்கில்கூட வந்ததில்லை.

நான் எடுத்தது திபேரியஸ் சக்கரவர்த்தியின் வெள்ளி தினாரி. ஒரு பக்கம் அவன் தலை, மறுபக்கம் உட்கார்ந்திருக்கும் ஒரு பெண். இயேசு, இராயனுடையதை இராயனுக்குக் கொடுங்கள் என்று சொன்னபோது கேட்டு வாங்கிப் பார்த்த காசு இந்த வகைதான் என்று சொல்லி, விற்பனை உலகம் இதற்கு ‘வரிக்காசு’ என்று பெயர் சூட்டியிருக்கிறது. பெயர் வந்ததும் விலை வந்துவிட்டது. கோயில் உண்டியலில் ஏழை விதவை போட்ட காசு என்று சொல்லி நகக்கண் அளவு செம்பை விற்கிறார்கள். தீரு பட்டணத்து வெள்ளிச் சேக்கலை யூதாஸ் கூலி என்று விற்கிறார்கள். அந்த வகைதான் எருசலேம் ஆலயத்துக்குச் செலுத்திய காசு, அதனால் அந்த முப்பதும் அதுவாக இருந்திருக்கலாம். இந்த ‘இருந்திருக்கலாம்’ ஒவ்வொன்றுக்கும் ஐரோப்பாவில் நூறு யூரோ. கலூர் வீட்டுக்காரர் ‘லாம்’ என்ற ஈற்றை எடுத்துவிட்டார், அவ்வளவுதான். இலக்கணப் பிழைக்கா இத்தனை ஆர்ப்பாட்டம்?

380 யூரோவுக்கு எனக்கு விழுந்தது. அதன்மேல் வாங்குகிறவன் கொடுக்கும் கமிஷன் நூற்றுக்கு இருபத்து இரண்டு. எதற்கு? ஏமாறுகிற இடத்தில் நாற்காலி போட்டதற்கு. பிறகு கூரியர், இன்ஷூரன்ஸ், இங்கே இறங்கியதும் வரி, வரி கட்டியதைச் சரிபார்க்கக் கட்டணம். எல்லாம் சேர்ந்து 55 ஆயிரம் ரூபாய். அட்டவணையில் ஒரு வரி போட்டிருந்தார்கள்: பழைய ஐரோப்பியச் சேகரிப்பிலிருந்து.

அந்த ஒற்றை வரியைத்தான் நான் வாங்கினேன். என்ன அழகான வரி! ஓக் மரப் பெட்டி, வெல்வெட் துணி, மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு ஜெர்மன் தாத்தா, கணப்பில் நெருப்பு, எல்லாம் கண்ணுக்குள் வந்துவிட்டது. தாத்தா பெயர் என்ன, எந்த வருஷம் வாங்கினார், யாரிடம் வாங்கினார், ஒன்றும் இல்லை. பெண் பார்க்கப் போனால் பூட்டன் கோத்திரம் வரை விசாரிக்கிறவர்கள் நாம். காசின் பூர்வீகம் கேட்டால் ‘நல்ல குடும்பம்’ என்று பதில் வருகிறது, தாலியை எடுத்து நீட்டிவிடுகிறோம்.

காசு வந்தது. ஒருமுறை உள்ளங்கையில் வைத்ததும் எங்கோ இடித்தது. திபேரியஸ் தினாரி மூன்றே முக்கால் கிராம் பக்கம் நிற்க வேண்டும். தராசில் மூன்றைத் தாண்டக் கஷ்டப்பட்டது. லென்ஸில் பார்த்தால் சக்கரவர்த்தியின் கன்னத்தில் ஊசிமுனைக் குழிகள். அம்மை போட்ட தழும்பு இல்லை. உருக்கி ஊற்றியபோது விட்ட காற்றுக் குமிழி. ரோமாபுரிக்காரன் வெள்ளி வில்லையைச் சூடாக்கி, இரண்டு அச்சுக்கு நடுவில் வைத்துச் சம்மட்டியால் அடித்தான். அடித்த காசில் எழுத்து விளிம்பு கத்தி மாதிரி இருக்கும். வார்த்த காசில் சோப்புக் கட்டியில் எழுதியது மாதிரி மழுங்கியிருக்கும். என்னுடையது நன்றாகக் குளித்திருந்தது. விளிம்பைச் சுற்றி ஒரு மெல்லிய தையல் கோடு வேறு, அரம் போட்டு ராவியிருந்தார்கள்.

புகார் எழுதினேன். பதில் மிக மரியாதையாக வந்தது. ஏலம் முடிந்து இத்தனை நாளுக்குள் தெரிவிக்க வேண்டும் என்று நிபந்தனையில் இருக்கிறதாம், அந்த நாள் கடந்துவிட்டதாம். கடந்தது உண்மைதான். காசு அந்த நாட்களில் பாதிக்கு மேல் நம் ஊர் அலுவலகம் ஒன்றின் அலமாரியில், இது பழம்பொருளா, உலோகமா, பொம்மையா என்று ஒரு படிவம் முடிவு செய்வதற்காகக் காத்திருந்தது. பொம்மை என்று அப்போதே அவர்கள் எழுதியிருந்தால் நான் அவர்களைத் தொல்லியல் அறிஞர்கள் என்று கும்பிட்டிருப்பேன். பழம்பொருள் என்று போட்டு வரி வாங்கிக்கொண்டார்கள். ஆக, அந்தப் போலிக்கு இந்திய அரசு கொடுத்த ரசீது என்னிடம் இருக்கிறது. அதுதான் என் சேகரிப்பிலேயே அசல்.

என் 55 ஆயிரம் கடுகு. 2020 அக்டோபரில் லண்டனில் ரோமா நியூமிஸ்மேட்டிக்ஸ் என்ற ஏல நிறுவனம் ஒரு தங்கக் காசை 32 லட்சத்து 40 ஆயிரம் பவுனுக்கு விற்றது. நம் கணக்கில் 30 கோடிக்கு மேல். ஜூலியஸ் சீசரைக் குத்திக் கொன்றபின் புரூட்டஸ் அடித்த காசு அது. முன்னால் தன் தலை. பின்னால் இரண்டு குத்துவாள், நடுவில் விடுதலையான அடிமை போடும் குல்லாய், அடியில் கொன்ற தேதி. யூதாஸாவது காசை எறிந்துவிட்டுத் தூக்கு மாட்டிக்கொண்டான். புரூட்டஸ் காட்டிக்கொடுத்ததையே காசாக அடித்துச் சம்பளம் போட்டான். தங்கத்தில் அது உலகத்திலேயே மூன்றுதான் தெரியவந்திருக்கிறது.

அதற்கும் ஒரு பூர்வீகம் எழுதியிருந்தார்கள். ஒரு பாரன் பிரபுவின் சேகரிப்பிலிருந்து வந்ததாம். பிரபு பெயர்கூட இருந்தது. பிரபு நிஜம், காகிதம் பொய். 2023 ஜனவரியில் அந்த நிறுவனத்தின் முதலாளி ரிச்சர்ட் பீலை நியூயார்க்கில் பிடித்தார்கள். ஆகஸ்டில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். நடுவில் மார்ச் மாதத்தில் காசு கிரேக்க நாட்டுக்குத் திரும்பிப் போனது. சீசரைக் கொன்ற அதே மார்ச்! தேதி பார்த்துச் செய்தார்களா என்று தெரியவில்லை, செய்திருந்தால் வழக்கை நடத்திய மன்ஹாட்டன் அரசு வக்கீல் அலுவலகத்தில் யாருக்கோ நல்ல நகைச்சுவை.

இந்தப் பித்தலாட்டம் நமக்குப் புதிதா என்ன? ஸ்ரீபுரந்தான் நடராஜரைத் தூக்கிக்கொண்டு போனபோதும் காகிதம்தான் முன்னால் நடந்தது, சாமி பின்னால் போனார். ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் 2008-இல் காகிதத்தைப் படித்துவிட்டு 50 லட்சம் டாலருக்கு மேல் கொடுத்தது. நடராஜர் 2014-இல் வீடு திரும்பினார். விற்ற சுபாஷ் கபூருக்குக் கும்பகோணத்தில் தண்டனை கிடைக்க 2022 நவம்பர் ஆயிற்று. ஐம்பொன்னை உருக்கி வார்க்க ஸ்தபதிக்கு மாசக்கணக்கில் ஆகும். பூர்வீகத்தை வார்க்க ஒரு மதியம் போதும்.

இந்த யூதாஸ் காசு விஷயத்தில் ஒரு மனிதரை நினைத்துத்தான் எனக்கு ஆச்சரியம். ஜார்ஜ் ஃபிரான்சிஸ் ஹில் என்று பிரிட்டிஷ் மியூசியத்தில் காசுப் பிரிவில் இருந்தவர், பிற்பாடு அதற்கே இயக்குநர் ஆனவர். 1905-இல் யூதாஸின் முப்பது வெள்ளிக்காசைப் பற்றி ஆராய்ந்து எழுதினார். ஐரோப்பாவின் தேவாலயங்களில் யூதாஸ் காசு என்று பக்தியோடு வைத்திருந்தவற்றை எடுத்துப் பார்த்தால், பல ரோட்ஸ் தீவுக் காசு. சூரிய பகவான் தலை போட்டது. பக்தர்கள் அதையே முத்தமிட்டிருக்கிறார்கள். கலூர் கொலு, ஆக, பெரிய பாரம்பரியத்தின் கடைக்குட்டி. மத்தேயு சுவிசேஷத்தைத் திறந்து பார்த்திருந்தால் இன்னொன்றும் தெரிந்திருக்கும்: யூதாஸ் எறிந்த காசைப் பொறுக்கிப் பிரதான ஆசாரியர்கள் ஒரு குயவன் நிலத்தை வாங்கிவிட்டார்கள். முப்பதும் குயவன் கைக்குப் போயிற்று. அவன் வீட்டுச் செலவுக்குப் போட்டிருப்பான். அருங்காட்சியகத்துக்கு எழுதிக்கொடுத்திருக்க மாட்டான்.

அதே ஹில்தான் 1898-இல் புதுக்கோட்டைப் பக்கம் கறுக்காக்குறிச்சியில் பானையோடு கிடைத்த 501 ரோமானியத் தங்கக் காசுகளையும் வரிசைப்படுத்தி எழுதியவர். அவற்றில் பெரும்பாலான காசுகளில் சக்கரவர்த்தியின் தலைமேல் உளியால் ஒரு வெட்டு. அகஸ்டஸுக்கும் வெட்டு, திபேரியஸுக்கும் வெட்டு, நீரோவுக்கும் வெட்டு. மறுபடி புழங்காமல் செல்லாக்காசாக்க வெட்டினார்களா, உள்ளே தங்கம்தானா என்று பார்க்க வெட்டினார்களா என்று அறிஞர்களுக்குள் பேச்சு முடியவில்லை. எனக்கு இரண்டாவது காரணம்தான் பிடித்திருக்கிறது. கடல் தாண்டி வந்தவன் காட்டிய ராஜ முகத்தைப் பார்த்ததும் அந்த மனுஷன் சிம்மாசனத்தில் ஏறி போட்டோ எடுக்கவில்லை. கல்லில் வைத்து ஒரு போடு போட்டான். தங்கம் என்றால் எடைக்கு வாங்கிக்கொண்டான். அந்த ஆளின் பேரன்தான் நான், ‘ஸூம்’ பண்ணிப் பார்த்து 380 யூரோ கொடுத்தவன்.

அந்தக் காசெல்லாம் எதற்கு இங்கே வந்தது? மிளகுக்கு. கொச்சிக்கு வடக்கே பெரியாற்றங்கரையில் முசிறி. யவனர் கப்பல் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பியதை அகநானூற்றுப் புலவர் பாடியிருக்கிறார். வருஷத்துக்கு 5 கோடி செஸ்டர்ஸ் பணத்தை இந்தியா உறிஞ்சிவிடுகிறதே என்று ரோமில் உட்கார்ந்து பிளினி என்ற எழுத்தாளர் அழுதிருக்கிறார். கேரளத்தில் எய்யாலிலும் வள்ளுவள்ளியிலும், இந்தப் பக்கம் கரூரிலும் அந்தப் பணம்தான் மண்ணுக்குள்ளிருந்து வந்தது. இரண்டாயிரம் வருஷம் கழித்து பிளினியின் பேரன்கள் கணக்கை நேர் செய்துகொண்டார்கள். மிளகும் வாங்குவதில்லை, பொன்னும் தருவதில்லை. நம் ஆற்று மணலில் கிடைத்த வகைக் காசையே யூரோ வாங்கிக்கொண்டு நமக்கு அனுப்புகிறார்கள். என் விஷயத்தில் அதுவும் இல்லை, அதன் நகல்.

நம் சட்டம் என்ன செய்கிறது என்றால், நன்றாகத் தூங்குகிறது. மண்ணில் புதையல் கண்டவன் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 1878-ஆம் ஆண்டுச் சட்டம். 10 ரூபாய்க்கு மேல் மதிப்பிருந்தால் புதையல். விக்டோரியா மகாராணி காலத்துப் 10 ரூபாய் இன்று மட்டாஞ்சேரியில் ஒரு சாயாவுக்குப் போதாது. தென்னைக்குக் குழி தோண்டும்போது ஒரு குடம் தட்டுப்பட்டால் தோண்டியவனுக்கு வரும் முதல் பயம் பாம்பு. இரண்டாவது பயம் தாசில்தார். போலீஸ் வரும், நிலத்தைச் சுற்றி நாடா கட்டும், இன்னும் எத்தனை குடத்தை ஒளித்தாய் என்று கேட்கும். அதற்கு நடுராத்திரியில் பத்தரிடம் போய் உருக்கிவிடுவது நிம்மதி. தாய்ப்பொன்னிலும் மாப்பொன் எடுப்பவர் என்று பெயர் வாங்கிய பத்தர், அந்த நேரத்துக்கு அரசாங்கத்தைவிட நம்பிக்கையான ஆளாகிவிடுகிறார். இதே ஹில் பிற்காலத்தில் புதையல் சட்டத்தைப் பற்றியும் ஒரு தடித்த புத்தகம் போட்டார். கண்டெடுத்தவனை மிரட்டாமல் நியாயமான விலை கொடுத்தால் அவனே கொண்டுவந்து கொடுப்பான் என்ற எளிய சங்கதி இங்கிலாந்துக்காரனுக்குப் புரிந்தது. நமக்கு அவன் விட்டுப்போன சட்டம் மட்டும் போதும், புரிந்ததெல்லாம் வேண்டாம்.

1972-இல் இன்னொரு சட்டம். நூறு வயதான காசு பழம்பொருள், நாட்டை விட்டு வெளியே போகக் கூடாது. நல்லது. ஆனால் எந்த வாரம் வேண்டுமானாலும் வெளிநாட்டு ஏலங்களைத் திறந்து பாருங்கள், சோழன் செம்புக்காசும் முத்திரைக் காசும் கூறு கூறாகக் கிடக்கும். வெள்ளைக்கார அதிகாரிகள் அந்தக் காலத்தில் பெட்டியில் அள்ளிக்கொண்டு போனது உண்டு, மறுக்கவில்லை. அவர்கள் செத்து நூறு வருஷம் ஆனபிறகும் அந்தப் பெட்டிகள் குட்டி போட்டுக்கொண்டே இருப்பதுதான் அதிசயம். அத்தனை குட்டிக்கும் ஒரே ஜாதகம்: பழைய ஐரோப்பியச் சேகரிப்பு.

இன்னொரு பக்கம் ஏழைக்கு என்று தனி ஏலம் நடக்கிறது. உங்கள் வீட்டில் வைஷ்ணோ தேவி படம் போட்ட 5 ரூபாய் இருக்கிறதா, 10 லட்சம் தருகிறோம் என்று வாட்ஸப்பில் வீடியோ. அந்தக் காசு 2012-இல் லட்சக்கணக்கில் அடித்து வெளிவந்தது. டீக்கடைக் கல்லாவிலும் கிடக்கும். நூறு நாள் வேலைக்குப் போகிற அம்மா முந்தானையிலிருந்து அதை எடுத்துப் பேரனைவிட்டு போட்டோ எடுத்து அனுப்புகிறாள். வாழ்த்துகள், தேர்வாகிவிட்டது, பதிவுக் கட்டணம் ஆயிரம், வரி மூவாயிரம் கட்டுங்கள் என்று ரிசர்வ் வங்கி முத்திரையோடு கடிதம் வருகிறது. பழைய நோட்டு, காசு வியாபாரத்துக்கும் எங்களுக்கும் சம்பந்தம் இல்லை, நாங்கள் யாரிடமும் கமிஷன் கேட்பதில்லை என்று ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டில் அறிக்கை விட்டது. அந்த அம்மாவுக்கு அறிக்கை வரவில்லை, வீடியோதான் வந்தது. லண்டனில் 30 கோடி ஏமாற்று நடந்தால் காசு விமானமேறி வீடு திரும்புகிறது. இந்த நாலாயிரம் எந்த நாட்டுக்கும் திரும்பாது. போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனால், பேராசைப்பட்டாயா என்று கேட்கிறார்கள். சிம்மாசனத்தில் உட்கார்ந்தவரை யாராவது அப்படிக் கேட்டார்களா?

மட்டாஞ்சேரி யூதத் தெருவில் ஆட்டோவை விட்டு இறங்கினேன். இருபுறமும் பழம்பொருள் கடைகள். ஆள் குளிக்கலாம் போன்ற வெண்கல வார்ப்புகள், தேவாலயத்திலிருந்து கழற்றிய மரச் சம்மனசுகள், நம் காரைக்குடி வீடுகளிலிருந்து பெயர்த்துவந்த தேக்குத் தூண்கள் சுவரோரம் சாய்ந்து நின்றன, அப்பன் வீட்டைப் பங்கு பிரித்தபின் பஸ் ஸ்டாண்டில் நிற்கும் கிழவர்கள் மாதிரி. தெருக்கோடியில் 1568-இல் கட்டிய பரதேசி ஜெப ஆலயம். யூதத் தலைவர் ஜோசப் ரப்பானுக்கு 72 உரிமைகள் கொடுத்து ஆயிரம் வருஷத்துக்கு முன் சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன் வெட்டிக் கொடுத்த வட்டெழுத்துச் செப்பேடு அந்த ஆலயத்தின் சொத்து. அசல் செப்பேடு உள்ள ஊர் இது. இதே கொச்சியில்தான் போலிச் செப்போலைக்கு கேமரா ஓடியது.

பெரிய கடைகளுக்குள் போக எனக்குத் தைரியம் இல்லை. படிக்கட்டில் தட்டு விரித்திருந்த ஒரு சின்னக் கடையில் நின்றேன். தட்டில் டச்சுக் கம்பெனி எழுத்து போட்ட செம்புத் துட்டு, கொச்சிப் புத்தன் காசு, மூக்கு உடைந்த விக்டோரியா, அந்த ராமர் அரை அணா. கடைக்காரருக்கு அறுபது வயது இருக்கும், கைலி, காதில் பென்சில்.

“அண்ணா, நோக்கு. நல்ல சாதனம்.”

மலையாளத்தில் சாதனம் என்றால் பொருள். நம் காதில் சாதனை என்று விழுந்து தொலைக்கிறது. நான் பையிலிருந்து திபேரியஸை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தேன். பூர்வீகம் சொல்லவில்லை. அவர் லென்ஸ் எடுக்கவில்லை, தராசு எடுக்கவில்லை. கட்டைவிரலால் ஒருமுறை தடவினார். பிறகு தட்டுக்கு அடியிலிருந்து பிளாஸ்டிக் டப்பா ஒன்றைத் திறந்து கவிழ்த்தார். ஐந்து திபேரியஸ். ஒவ்வொருவர் கன்னத்திலும் அதே இடத்தில் அதே மூன்று குழி. காதுக்குக் கீழே அதே கீறல். என்னுடையவனையும் சேர்த்தால் ஆறு பேர், ஒரே பிரசவம்.

ஒரே அச்சில் அடித்த காசுகள் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். புழங்கிப் புழங்கி ஒவ்வொன்றும் தன் வடுவைத் தானே வாங்கிக்கொள்ளும். வடுவும் ஒன்றாக இருந்தால் தாய் ரப்பர் அச்சு.

“காப்பியா?” என்றேன்.

“காப்பிதன்னெ. காப்பின்னு சொல்லித்தான் விக்கறேன். ஒண்ணு முந்நூறு. அண்ணன் எத்ர கொடுத்து?”

சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. அதுதான் தாங்க முடியாததாக இருந்தது. பக்கத்துக் கடைப் பையனைக் கூப்பிட்டு இரண்டு சாயா சொன்னார். துக்க வீட்டில் செய்கிற மாதிரி.

ஃபோர்ட் கொச்சிப் பக்கம் சீன வலை தூக்கியதும் கரையிலேயே மீன் ஏலம் போடுகிற இடம் ஒன்று உண்டு, அது ஞாபகத்துக்கு வந்தது. அங்கே யார் வேண்டுமானாலும் குனிந்து செவுளைத் தூக்கிப் பார்க்கலாம். சிவப்பாக இல்லையென்றால் மூஞ்சிக்கு நேரே சொல்லலாம். பழைய ஐரோப்பியச் சேகரிப்பிலிருந்து வந்த கரிமீன் என்று எவனாவது கூவினால் வலைக்காரனே தூக்கித் தண்ணீரில் போடுவான்.

சாயா வந்தது. குடித்துக்கொண்டே கேட்டேன், இதை நான் யாருக்காவது விற்க வேண்டும் என்றால்? சும்மாதான் கேட்டேன். சும்மாதானா என்று இப்போது என்னை நானே கேட்டுக்கொள்வதில்லை.

“காப்பின்னா முந்நூறு. பேப்பர் வேணும்னா வேற ரேட்டு.”

கல்லாப்பெட்டிக்கு அடியிலிருந்து தடித்த மஞ்சள் தாள் ஒன்றை எடுத்தார். சுற்றிலும் பூவேலை, மேலே இங்கிலீஷில் கொட்டை எழுத்து, கீழே முத்திரைக்கு வட்டம். நடுவில் ஒரு கோடு காலியாக இருந்தது. காதிலிருந்த பென்சிலை எடுத்தார். பிறகு பென்சில் வேண்டாம் என்று நினைத்தாரோ என்னவோ, உள்ளே குனிந்து மசிப் பேனா தேடினார்.

“சொல்லண்ணா, எந்தக் குடும்பம் வேணும்? டச்சுக்காரனா, யூதனா, தம்புரானா? தம்புரான்னா இருநூறு கூடுதல்.”